கிராபிக்ஸ் கார்டும் கருவாட்டு வாசனையும்

டிஸ்கி: கரண்ட் சம்பந்தப்பட்ட பதிவு. நான் இன்னும் டிகிரி முடிக்காத பொடியன். படிச்சிட்டு, உங்க சொந்த மூக்கையும் சொந்த மூளையையும் சேர்த்துப் பயன்படுத்தவும்.

"கம்ப்யூட்டர்ல இருந்து கருகின வாசனை வருதுடா"ன்னு யாராவது சொன்னா சுத்தி இருக்கிற நாலு பேர்ல மூணு பேர் சொல்ற பதில் ஒண்ணுதான். "தூசியா இருக்கும், ஊதி விடு." நாலாவது ஆள் அப்பதான் போன்ல ரீல்ஸ் பாத்துட்டு இருப்பான், அதனால வாயைத் திறக்க மாட்டான். இந்த "தூசியா இருக்கும்"ங்கிற பதில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

ரொம்ப நாள் சும்மா கெடந்த இஸ்திரிப் பெட்டியைப் போட்டா ஒரு வாசனை வரும் இல்லையா? அது தூசி கருகுற வாசனைதான், சந்தேகமே இல்லை. ஆனா இஸ்திரிப் பெட்டியோட அடித்தகடு 200 டிகிரி செல்சியஸ் பக்கம் போற சமாச்சாரம். கிராபிக்ஸ் கார்டு என்ன பாடுபட்டாலும் அதோட சிப் 85, 90 டிகிரிகிட்ட வந்ததும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கும் அடங்காம ஏறினா மொத்தமா அணைஞ்சிடும். உள்ளயே சென்சார் வச்சு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அப்போ 90 டிகிரியில தூசி கருகுமா? கருகாது. சூடாகும். அதுல ஒட்டியிருக்கிற எண்ணெய்ப்பசை, ஊதுபத்திப் புகை, சிகரெட் தார் எல்லாம் சேர்ந்து பழைய துணிமூட்டையை வெயில்ல காயப்போட்ட மாதிரி ஒரு நெடி கொடுக்கும். அவ்வளவுதான்.

அதனால நெஜமாவே *கருகின* வாசனை வருதுன்னா, உள்ள எங்கயோ ஒரு எடம் அந்த சென்சார் பாக்கிறதை விட ரொம்ப அதிகமா சூடாகி இருக்கு. சிப்போட சூடு 75னு ஸ்க்ரீன்ல காட்டும். பக்கத்துலயே ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் உருகிட்டு இருக்கும். அங்க சென்சார் கிடையாது. அந்த எடத்துக்கு உங்க மூக்குதான் சென்சார்.

வாசனையிலயும் வகை இருக்கு மக்களே. சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன். பழைய துணி நெடின்னா பெரும்பாலும் தூசி. புது கார்டு வாங்கி முதல் சில நாள் வர்ற லேசான கெமிக்கல் நெடி, சூடு கடத்துறதுக்கு வைக்கிற பேடும் பூச்சும் பதமாகுறது, தானாப் போயிடும். மீன் கழுவின தண்ணி மாதிரி, கருவாடு மாதிரி வந்தா உஷார். வயரோட மேல்தோல், கனெக்டரோட பிளாஸ்டிக், சுவிட்ச் போர்டு இதெல்லாம் அளவு மீறி சூடானா அந்த நாத்தம்தான் வரும். கெப்பாசிட்டர் கசிஞ்சாலும் கிட்டத்தட்ட அதே. மூக்கைச் சுருக்குன்னு குத்தி, தொண்டையில கசப்பு நிக்கிற நெடின்னா போர்டோ, அதுமேல இருக்கிற மாஸ்ஃபெட்டோ கருகிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தொடப்பத்தை எடுத்துப் பிரயோஜனம் இல்லை.

இப்போ கொசுவத்தி சுத்துறேன், போன மே மாசத்துக்கு.

நாங்க மூணு பேர் சென்னையில ஒரு மாடி ரூம்ல இருக்கோம். அதுல ஒருத்தன் ஆர்க்கிடெக்சர். படிச்சுக்கிட்டே, வீடு கட்டுறவங்களுக்கு பிளெண்டர்ல வாக்-த்ரூ செஞ்சு கொடுத்து அதுல வர்ற காசுலதான் அவன் செமஸ்டர் ஃபீஸே கட்டுறான். அவன் வச்சிருக்கிறது செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் சுரங்கம் தோண்டுறதையே நிறுத்துற முறைக்கு மாறினதும், அதுவரைக்கும் ராப்பகலா ஓடின கார்டுங்க எல்லாம் மூட்டை மூட்டையா பழைய மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அந்தக் கூட்டத்துல வந்ததோ என்னவோ, நம்மாளு கைக்கு வரும்போதே அதுல ரெண்டு வருஷத்துத் தூசி இருந்துது. எங்க ரூம் ஜன்னல் மெயின் ரோட்டைப் பாத்தது. அது தன் பங்குக்கு இன்னும் ஒரு வருஷத்துத் தூசியைச் சேத்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் ரெண்டர் ஓடிட்டு இருக்கு. கீழ் போர்ஷன் ஆன்ட்டி மாடிப்படியில நின்னு, "ஏம்ப்பா, கருவாடு வறுக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. எங்ககிட்ட அடுப்பே கிடையாது.

நான் சுவரு சுவிட்சை அணைச்சேன். நம்மாளு கொதிச்சுட்டான். "டேய், இருநூறு ஃப்ரேம் பாக்கி இருக்கு. காலையில பத்து மணிக்கு கிளையண்ட் பாக்க வர்றாரு. பணம் நாளைக்கு வந்தாதான் திங்கக்கிழமை ஃபீஸ். தூசிதான்டா, டெம்பரேச்சர் 84தான் காட்டுது. ராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்துக்கலாம், காலையில கிளீன் பண்ணிக்கிறேன்." அவன் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. அவனுக்கு அது வெளையாட்டுச் சாமான் இல்லை, சோறு போடுற சாமான். ஆனா அந்த ரூம்ல மூணு பேர் படுக்கிறோம். கதவு ஒண்ணு. கேபினட்டுக்கு மேலதான் காயப்போட்ட துணி தொங்குது.

"மச்சி, 84 காட்டுதுன்னா சிப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்போ நாறுறது எது?"ன்னு கேட்டேன். அதுக்கு அவன்கிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. ஒரு மணி நேரம் கொடு, பாத்துடலாம்னு சொன்னேன்.

இனிமே சொல்றது எல்லாம் அன்னைக்கு செஞ்ச வரிசை.

முதல்ல பவர் சப்ளைக்குப் பின்னாடி இருக்கிற சுவிட்சை அணைச்சு, பிளக்கையே சுவத்துல இருந்து உருவணும். அப்புறம் கேபினட்டோட பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சா மதர்போர்டுல மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிடும். இதுல ஒரு விஷயம் மட்டும் தலைகீழா நின்னு சொல்லுவேன்: பவர் சப்ளை பெட்டியோட ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க. நம்ம ஊரு 230 வோல்ட் ஏசி உள்ள போய் டிசி ஆகும்போது அங்க இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கை உருவினதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். கிராபிக்ஸ் கார்டுல அதிகபட்சம் 12 வோல்ட்தான், அதை நிம்மதியாத் தொடலாம். பவர் சப்ளைக்குள்ள இருந்துதான் நாத்தம் வருதுன்னா, அதைத் தூசி தட்டிப் பயன்படுத்துற பேச்சே வேண்டாம், மாத்திடுங்க.

கார்டு ஆறுறதுக்கு அரை மணி நேரம். அதுவரைக்கும் கழட்டுறதுக்கு முன்னாடி எந்த வயர் எங்க இருந்துதுன்னு மொபைல்ல நாலு போட்டோ. ஜன்னலைத் திறந்து வைங்க, அந்தப் புகையை மூச்சுல இழுக்கிறது நுரையீரலுக்கு நல்லதில்லை.

கையில இருக்கிற ஸ்டாட்டிக் பத்தி நெட்ல பயமுறுத்துவாங்க. மே மாசச் சென்னையில வேர்வை வழியுற கையில ஸ்டாட்டிக் நிக்கிறது கஷ்டம்தான். ஆனா ஏசி லேப்ல, பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கிட்டு செய்யறீங்கன்னா கேபினட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பு பாகத்தை அப்பப்போ தொட்டுக்கோங்க. காசு செலவில்லாத பரிகாரம்.

கார்டை உருவுறதுல ஒரு சூட்சுமம். பவர் கேபிளை வயரைப் பிடிச்சு இழுக்காம, கிளிப்பை அமுக்கி கனெக்டரைப் பிடிச்சு எடுக்கணும். பின்பக்கத் தகடுல இருக்கிற ஸ்க்ரூ, அப்புறம் ஸ்லாட்டோட ஓரத்துல இருக்கிற குட்டித் தாழ்ப்பாள். நிறைய பேர் அந்தத் தாழ்ப்பாளை மறந்துட்டு பல்லு புடுங்குற மாதிரி இழுத்து ஸ்லாட்டையே பேத்துடுவாங்க. தாழ்ப்பாளை அமுக்கிட்டு நேரா மேல தூக்கினா வந்துடும்.

வெளிய எடுத்ததும் நாங்க முதல்ல செஞ்சது ஊதுறது இல்லை, மோந்து பாக்கிறது. கார்டைத் தனியா, பவர் சப்ளையோட காத்து வர்ற ஓட்டையைத் தனியா, வயருங்களைத் தனியா. பாத்தா பைத்தியக்காரத்தனமா இருக்கும். மூணாவது ரூம்மேட் வீடியோ எடுத்தான். ஆனா இது முக்கியம். கேபினட் மூடியிருக்கும்போது உள்ள ஓடுற காத்தையெல்லாம் கார்டோட ஃபேனும் சேர்ந்து கலக்கிடுது. அதனால எங்க கருகினாலும் "கார்டு நாறுது"ன்னுதான் தோணும். எங்க கார்டுல பழைய துணி நெடி மட்டும்தான் இருந்துது. கருவாடு இல்லை.

சரி, தூசி. கார்டை மொட்டைமாடிக்கு எடுத்துட்டுப் போய், மூக்குல கைக்குட்டை கட்டிக்கிட்டு, பக்கத்து மொபைல் கடை அண்ணன்கிட்ட கடன் வாங்கின ப்ளோயரால ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும். விட்டா அது விமானம் மாதிரி சுத்தும். பாக்க ஜாலியா இருக்கும், ஆனா பேரிங் அந்த வேகத்துக்குச் செஞ்சது இல்லை. அதோட, வெளியில இருந்து சுத்தினா ஃபேன் மோட்டார் ஜெனரேட்டராகி போர்டுக்குள்ள கரண்ட்டை அனுப்பப் பாக்கும். தூரத்துல இருந்து, விட்டு விட்டு, ஹீட்சிங்க் தகடுகளோட இடுக்கு வழியா, காத்து உள்ள போற திசைக்கு எதிர்த்திசையில ஊதினா அடைஞ்சது வெளிய வரும். ஸ்ப்ரே டப்பாவுல அடைச்ச காத்து வாங்கினீங்கன்னா டப்பாவைக் கவுக்காதீங்க, உறையவைக்கிற திரவமா கொட்டும். அதுல பலதுல இருக்கிறது பத்தி எரியுற வாயு வேற. ஏற்கனவே கருகின வாசனை வர்ற மெஷின்ல, கரண்ட் இருக்கும்போது அதை அடிக்கிறது தற்கொலை. வீட்டு வேக்குவம் கிளீனர் குழாயைக் கார்டுமேல வைக்கிறதும் வேண்டாம், அந்த பிளாஸ்டிக் முனையில ஸ்டாட்டிக் சேரும்.

எவ்வளவு ஊதியும் நடுவுல காத்து போகலை. ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தூசி மெத்தை மாதிரி படிஞ்சு கெட்டியாகி இருந்துது. மேல இருக்கிற பிளாஸ்டிக் கூட்டோட ஸ்க்ரூவைக் கழட்டி, ஃபேன் வயரை மெதுவா உருவி, கூட்டை மட்டும் தூக்கினோம். பல மாடல்ல ஹீட்சிங்கை அசைக்காமலே இதைச் செய்யலாம். மெத்தையைச் சீப்பு மாதிரி உருட்டி எடுத்தா, உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பல் கம்பளி! மிச்சத்துக்குப் பெயிண்ட் பிரஷ். ஒட்டுற பிசுக்குக்கு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையுற பஞ்சுக்குச்சியில தொட்டு. நெயில் பாலிஷ் ரிமூவர், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி, டெட்டால் (ஒருத்தர் நெஜமாவே கேட்டார்) இதெல்லாம் கூடாது.

தங்க நிறப் பல்லுங்களை ரப்பர் வச்சுத் தேய்க்கிறது நம்ம ஊரு சர்வீஸ் கடைகளோட குலத்தொழில். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அந்தத் தங்கப்பூச்சு ரொம்ப மெல்லிசு, ரப்பர் அதைச் சுரண்டும், துகளும் ஸ்லாட்ல விழும். ஆல்கஹால் தொட்ட துணியே போதும்.

ஹீட்சிங்கை முழுசாக் கழட்டி பேஸ்ட் மாத்துறது அடுத்த கட்டம். தூசி எடுத்தும் சூடு குறையலைன்னா மட்டும் அதுல இறங்குங்க. மெமரி சிப்புங்கமேல இருக்கிற பேடு ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு தடிமன். அரை மில்லிமீட்டர் தப்பா வாங்கி வச்சாலும் ஹீட்சிங்க் சிப்புமேல சரியா உக்காராது.

தூசி போனதும் டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் பாத்தோம். தூசி எடுக்கிறதோட பெரிய லாபம் இதுதான்னு எனக்குத் தோணுது, போர்டு கண்ணுக்குத் தெரியும். பழுப்புத் திட்டு, உப்பின கெப்பாசிட்டர், உடைஞ்ச குட்டிப் பாகம் எதுவும் இல்லை. பவர் சாக்கெட்டோட பின்னுங்க பளிச்சுனு இருந்துது. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு, சாக்கெட்டோட 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வச்சேன். பீப் அடிச்சா ஷார்ட், அந்தக் கார்டை மறுபடி சொருகவே கூடாது. அடிக்கலை. (மெயின் சிப்புக்குப் போற காயில்ல வச்சுப் பாத்துட்டு "ஐயோ ஷார்ட்"னு அலறாதீங்க. அங்க ஒரு ஓம்முக்கும் கீழ காட்டுறது சகஜம்.)

கார்டு சுத்தம். அப்போ கருவாடு எங்க?

வயருங்களை மோந்தப்பவே மூணாவது ரூம்மேட் ஒரு எடத்துல முகத்தைச் சுளிச்சான். டார்ச் அடிச்சுப் பாத்தா, கேபினட்டோட இருட்டு மூலையில, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர் கேபிள்ல ஒரு மாத்துக் கனெக்டர் தொங்குது. ஒரு முனை சாட்டா, மறு முனை 8-பின். சாட்டா முனையோட கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகி, மெழுகு மாதிரி வழிஞ்சு, வயரோட ஒட்டிக்கிட்டு இருந்துது. நம்மாளோட பழைய பவர் சப்ளையில 8-பின் கேபிளே கிடையாது. கார்டு வித்த கடைக்காரர் "இதைப் போட்டுக்கோ தம்பி, ஓடும்"னு கொடுத்திருக்கார். ஓடிச்சு. அதுதான் பிரச்சினை.

கணக்கைப் பாருங்க. சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின். ஒண்ணுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். ஆனா மறு முனையில இருக்கிற 8-பின், கார்டைப் பாத்து "நான் 150 வாட் தருவேன்"னு வாக்குக் கொடுக்கிற கனெக்டர். 6-பின் கூட 75 வாட். கார்டுக்கு நடுவுல ஒரு மாத்துக் கனெக்டர் இருக்கிறது தெரியாது, அது கேக்கிறதைக் கேக்கும். 1660 சூப்பருக்கு மொத்தம் 125 வாட். ஸ்லாட் 75 வரைக்கும் கொடுக்கலாம்னாலும் பெரும்பாலான கார்டுங்க ஸ்லாட்ல இருந்து அவ்வளவு உறிஞ்சாம, பெரும்பங்கைக் கேபிள்லதான் எடுக்கும். ஆக 54க்குச் செஞ்ச எடத்துல மணிக்கணக்கா அதுக்கு மேல ஓடியிருக்கு. கேம் ஆடினா சூடு ஏறி எறங்கும். ரெண்டர் அப்படி இல்லை, எட்டு மணி நேரம் ஒரே அமுக்கு. பின் லேசா லூஸா இருந்தா அந்த எடத்துல மின்தடை கூடும், தடை கூடினா சூடு, சூட்டுல பின் இன்னும் தளரும், தளர்ந்தா தடை இன்னும் கூடும். எங்கயும் ஃபியூஸ் போகாது, ஏன்னா பவர் சப்ளையைப் பொறுத்தவரைக்கும் இது நியாயமான கரண்ட்.

செகண்ட் ஹேண்ட் ஏழைகளுக்கு மட்டும் நடக்கிற கதைன்னு நெனைக்காதீங்க. 2022 கடைசியில ஆர்டிஎக்ஸ் 4090 வாங்கினவங்க சிலருக்கு, 600 வாட் வரைக்கும் தாங்கும்னு சொன்ன புது 12-வோல்ட் கனெக்டரே உருகிச்சு. அந்த நவம்பர்ல என்விடியா உலகம் முழுக்க சுமார் 50 கேஸ்னு சொல்லி, கனெக்டர் முழுசா உள்ள போகாததைப் பொதுவான காரணமாக் காட்டுச்சு. 2023ல அந்தக் கனெக்டரையே திருத்தி, முழுசாச் சொருகினாதான் கரண்ட் போற மாதிரி உணர்வுப் பின்னுங்களைக் குட்டையாக்கினாங்க. லட்ச ரூபாய் கார்டு, ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக். அங்கயும் பல பேருக்கு முதல்ல தெரிஞ்சது வாசனைதான்.

நம்மாளு கதைக்கு வர்றேன். அந்த உருகின துண்டைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "இதை வச்சுக்கிட்டா தூங்கியிருப்போம்?"னான். தூசியைத் தட்டிட்டு மறுபடி அப்படியே சொருகியிருந்தா கார்டு குளுமையா ஓடியிருக்கும், ஸ்க்ரீன்ல 70 டிகிரி காட்டியிருக்கும், நாங்களும் சரியாயிடுச்சுன்னு லைட்டை அணைச்சிருப்போம். எனக்கு அதை நெனைச்சாதான் இப்பவும் வயித்தைக் கலக்குது.

அந்த ராத்திரி இருநூறு ஃப்ரேமையும் அவனோட கிளாஸ்மேட் ஒருத்தியோட மெஷின்ல ஓட்டினோம். அவங்க வீட்டுல இருந்து அவங்க அப்பாவே போன் பண்ணி "பென் டிரைவோட வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டார். காலையில கிளையண்ட் பாத்தார், சோபா கலரை மட்டும் மாத்தச் சொன்னார். ஃபீஸ் கட்டியாச்சு.

அடுத்த வாரம் 8-பின் கேபிள் தன்னோடவே வர்ற பவர் சப்ளை ஒண்ணு, மூணு பேரும் காசு போட்டு வாங்கினோம். மாட்டின அன்னைக்கு மூடியைத் திறந்தே வச்சு, பக்கத்துலயே உக்காந்து ரெண்டு மணி நேரம் ரெண்டர் ஓட்டினோம். பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைச்சு, பிளக்கை உருவி, கனெக்டரைத் தொட்டுப் பாத்தோம். வெதுவெதுப்பு கூட இல்லை. கார்டு 84ல இருந்து 71க்கு எறங்கிடுச்சு. அந்தப் பதிமூணு டிகிரி மட்டும்தான் தூசியோட பங்கு.

கீழ் போர்ஷன் ஆன்ட்டிகிட்ட விஷயத்தைச் சொன்னோம். "நான் கூட எங்களுக்குக் கொடுக்காம திங்கிறீங்களோன்னு நெனைச்சேன்"னாங்க. அந்த ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுல நெஜ நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூணு பேருக்கும் தூக்குல வந்துது.